மால்கம் எக்ஸ் என்ற ஹாஜி மாலிக் அல்-ஷபாஸ்

 

ஹஜ்ஜுக்குச் சென்று மனம் மாறி வந்தவர் என்று மால்கம் எக்ஸைப் பற்றிப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த மனம் எதில் மாறியது, எதில் மாறவில்லை என்பதோ பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

1925 மே 19 அன்று அமெரிக்காவின் ஒமாஹா நகரில் மால்கம் லிட்டில் பிறந்தார். தந்தை ஏர்ல் லிட்டில் கிறிஸ்தவப் போதகர். கறுப்பின மக்களின் தன்மானத்திற்காக இயக்கம் கண்ட மார்கஸ் கார்வியின் தொண்டர். தாய் லூயிஸ் கரீபியன் கடலிலுள்ள கிரெனடா தீவைச் சேர்ந்தவர். அவரைப் பெற்றவர் ஒரு வெள்ளையர் என்பதால் பார்வைக்கு வெள்ளைக்காரப் பெண்ணாகவே தோன்றுவார். அந்தத் தோற்றத்தால் வேலை கிடைக்கும். கறுப்பினத்தவர் என்று தெரிந்த அன்றே வேலை போய்விடும்.

உடன்பிறந்தோரில் மால்கமே அதிகம் வெளுத்தவர். அதனாலேயே தந்தை தம்மிடம் பரிவு காட்டினார் என்றும், அதனாலேயே தாய் தம்மைக் கடிந்து வளர்த்தார் என்றும் அவர் பின்னாளில் கருதினார். நிறத்தின் ஏற்றத்தாழ்வை அவர் முதலில் கண்டது வெள்ளையரிடம் அன்று, தம் வீட்டில்தான்.

1929இல் லான்சிங் நகரில் அவர்களது வீடு தீக்கிரையானது. 1931இல் தந்தை டிராம் வண்டியின் அடியில் சிக்கி இறந்தார். விபத்து என்றது அரசு. நிறவெறியர்களின் கொலை என்றது குடும்பம். தாய் 1939இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட, பிள்ளைகள் சிதறினர். பள்ளியில் முன்னணி மாணவராகத் திகழ்ந்த மால்கம் வழக்கறிஞராக விரும்பினார். கறுப்பனுக்கு அது ஆகாது, தச்சு வேலை பழகு என்று அறிவுரை கூறினார் ஆசிரியர் ஒருவர்.

பின்னர் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் சூதும் போதைப்பொருளும் திருட்டுமாகக் கழிந்த ஆண்டுகளை விரித்துரைக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். சுருள்முடியை வெள்ளையர் முடிபோல் நேராக்க, காரம் கலந்த பசையைத் தலை எரிய எரியப் பூசிக்கொண்டார். தம்மைத் தாமே இழிவுபடுத்திக்கொண்ட செயல்களில் அதையே முதன்மையானதாகப் பிற்காலத்தில் எண்ணி வருந்தினார்.

1946இல் சிறை. அங்கே அகராதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதி அறிவை வளர்த்தார். உடன்பிறந்தோரின் கடிதங்கள் வழியாக எலிஜா முஹம்மதின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கம் அறிமுகமாயிற்று. வெள்ளையர் அனைவரும் பிறவியிலேயே ஷைத்தான்கள் என்றது அவ்வியக்கம். எலிஜாவை இறைத்தூதர் என்றும் அது கூறியது. பெயரில் இஸ்லாம் இருந்தும் நமது ஈமானுக்கு அது முற்றிலும் புறம்பானது. ஆயினும் மால்கமின் வாழ்வில் எதிர்ப்பட்ட வெள்ளையர்களை நினைத்தால், அவர் அதை நம்பியதில் வியப்பில்லை. அடிமைகளுக்கு எஜமானர்கள் இட்ட 'லிட்டில்' என்ற பெயரைத் துறந்து, தொலைந்துபோன ஆப்பிரிக்கப் பெயரின் அடையாளமாக 'எக்ஸ்' என்று வைத்துக்கொண்டார்.

1952இல் விடுதலையானபின் அவ்வியக்கத்தின் முதன்மைப் பேச்சாளரானார். அக்காலத்தில் வெள்ளைக்காரக் கல்லூரி மாணவி ஒருத்தி அவரைத் தேடி நியூயார்க் வந்தாள். உங்கள் மக்களுக்காக நான் என்ன செய்யக்கூடும் என்று கேட்டவளிடம், ஒன்றும் செய்ய முடியாது என்று கூறிவிட்டார். அவள் அழுதுகொண்டே திரும்பினாள். கடைசிவரை அவர் வருந்திய செயல்களில் இதுவும் ஒன்று.

எலிஜாவின் ஒழுக்கக்கேட்டை அறிந்து நம்பிக்கை தகர்ந்து, 1964 மார்ச்சில் விலகினார். ஏப்ரலில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ஜித்தா விமான நிலையத்தில் இஹ்ராம் உடையுடன் தடுத்து வைக்கப்பட்டார். இத்தனை ஆண்டுகள் மார்க்கம் பேசியவருக்கு முறையாகத் தொழத் தெரியவில்லை! பக்கத்திலிருந்தவர் செய்வதைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்த அந்த வெட்கத்தை அவர் மறைக்கவில்லை. அவரை மீட்டு, குடும்பத்தாரின் விடுதி அறையில் தங்க வைத்தவர் டாக்டர் உமர் அஸ்ஸாம். அமெரிக்காவில் இவரை வெள்ளையர் என்றே அழைப்பார்கள் என்று மால்கமுக்குத் தோன்றியது. ஆனால் அவரிடமிருந்து எந்தக் கைம்மாறும் எதிர்பாராத உபசரிப்பு! வெள்ளை என்பது அமெரிக்காவில் தோலின் நிறம் மட்டுமன்று, பிறரைத் தாழ்த்தும் ஒரு மனப்பான்மை என்று அப்போது தெளிந்தார். நீலக்கண்ணர்களோடு ஒரே தட்டில் உண்டு, ஒரே விரிப்பில் உறங்கினார்.

அங்கும் அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பெருங்கூட்டத்தில் ஒரே நிறத்தார், ஒரே நாட்டார் தாமாகவே சேர்ந்திருப்பதையும் கவனித்தார். வற்புறுத்தலோ உயர்வு தாழ்வோ இல்லாமல் சேர்வதுதான் அமெரிக்காவினின்று அதை வேறுபடுத்தியது.

திரும்பியவர் வெள்ளையர் அனைவரையும் ஒட்டுமொத்தமாகப் பழிப்பதைக் கைவிட்டார். கறுப்பின மக்களின் உரிமைப் போரை மட்டும் ஓர் அணுவும் தளர்த்தவில்லை. சொல்லப்போனால் அதைப் பெரிதாக்கினார். 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்களிடம், எங்கள் வழக்கை ஐ.நா. சபைக்குக் கொண்டுசெல்ல உதவுங்கள் என்று வேண்டினார். ஹஜ் அவரைச் சாந்தப்படுத்தியது என்று நாம் முடித்துவிடுவது அவருக்குச் செய்யும் நியாயமன்று.

1965 பிப்ரவரி 14இல் மனைவி மக்களோடு உறங்கிய வீட்டில் தீக்குண்டுகள் வீசப்பட்டன. ஒரு வாரம் கழித்து, 21ஆம் நாள், நியூயார்க்கின் ஆடுபான் அரங்கில் பேசத் தொடங்கிய வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. தண்டிக்கப்பட்ட மூவரில் இருவர் நிரபராதிகள் என்று 2021இல்தான் நீதிமன்றம் ஏற்றது. அவ்விருவரில் ஒருவர் 2009இலேயே இறந்துவிட்டார். எலிஜா 1975இல் இறந்தபின் அவருடைய மகன் வாரித் தீன் முஹம்மது, இயக்கத்தாரில் பெரும்பகுதியினரை அஹ்லுஸ் ஸுன்னா வழிக்குக் கொண்டுவந்தார். அவர்கள் சில காலம் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் பெயரால் தங்களைப் பிலாலியர் என்று அழைத்துக்கொண்டனர்.

மால்கமின் மய்யித்தை இஸ்லாமிய முறைப்படி குளிப்பாட்டிக் கஃபனிட்டவர் சூடான் நாட்டு ஆலிம் ஷேக் அஹ்மத் ஹஸ்ஸூன். ஃபெர்ன்கிளிஃப் அடக்கத்தலத்தில் குழியை மூடக் காத்திருந்தவர்கள் வெள்ளைக்காரத் தொழிலாளர்கள். கறுப்பினத் தோழர்கள் அவர்களிடமிருந்து மண்வெட்டிகளை வாங்கி, தாங்களே மண்ணிட்டு மூடினார்கள்.