தவிற்புலவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியார்

ஈழநாட்டு யாழ்ப்பாண நகருக்கும் சுன்னாகத்துக்கும் இடையே இணுவில் என்னும் பழம்பதி உள்ளது. கோயில்கள் மலிந்த அவ்வூர் நாகசுரமும் தவிலும் வழிவழியாகத் தழைத்த இடமுமாகும். சோழநாட்டினின்றும் சென்று ஆங்குக் கோயிற்பணி பூண்ட இசைக்குடிகளும், திருவிழாக்காலங்களிற் கடல்கடந்து அழைக்கப்பெற்ற தஞ்சை வித்துவான்களும் அக்கலைக்கு உரமூட்டினர். அவ்வூரில் தவில் வித்துவான் விசுவலிங்கம் என்பார்க்கு மைந்தராக 1933-ஆம் ஆண்டிற் பிறந்தவரே தெட்சணாமூர்த்தியார். ஆலமர் நீழலில் மோனத்தால் அறிவுறுத்திய பெருமானது திருப்பெயரை, ஒலியையே தொழிலாகக் கொள்ளவிருந்த மகவுக்கு இட்டது வியக்கத்தக்கதே.

தந்தையாரே முதலாசிரியர். தவிற்குடிகளிற் பிள்ளைகள் வாயாற் சொற்கட்டுச் சொல்லிக் கையால் தாளமிட்டுப் பழகிய பின்னரே கருவியைத் தொடுவர். அக்கருவியோ எளிதிற் கைவருவதன்று. பலாமரத்தைக் குடைந்து செய்த குடத்தின் வலந்தலையை, துணியும் பசையும் சுற்றி இறுக்கிய கூடுகள் அணிந்த விரல்களால் அடித்தல் வேண்டும். தொப்பி எனப்படும் இடப்புறத்தைப் பூவரசங்கழி கொண்டு முழக்குதல் வேண்டும். ஒரு கை விரலும் மறு கை கோலுமாக வேறு வேறு தன்மையில் இயங்கியும் ஒரே சொல்லாக ஒலிக்கவேண்டும். இத்துணைக் கனமான கருவியைத் தோளில் மாட்டி, சுவாமி எழுந்தருளும் வீதிகளில் இரவு முழுதும் நின்றும் நடந்தும் வாசித்தல் அக்காலத்துத் தவில்காரரது கடமை.

திருவிழாவில் இறைவன் புறப்படும்போது முதலில் முழங்குவது தவில். தனியே அலாரிப்பு வாசித்து அது வழிவகுத்த பின்னரே கம்பீரநாட்டையில் மல்லாரி எழும். இராக ஆலாபனையிற் பாட்டுக் கச்சேரி மிருதங்கம் வாளா இருக்கும். தவிலோ நாகசுரக்காரர் மூச்சு விடும் இடைவெளிகளிற் சிறு சிறு சொற்களால் விடை கூறும். ஆயினும் மேளத்தை நாகசுரக்காரர் பெயராலேயே வழங்கி, தவிலாசிரியர் பெயரை விட்டுவிடுவதே நம்மவர் வழக்கமாயிற்று. இது நன்றன்று. படைத்தற் றொழிலைப் பெருமானது துடியில் வைத்துப் போற்றும் நம் சமயத்தார், கோயில் வாயிலிற் றோல்முழக்குவாரது வரலாற்றை எழுதிவைக்க மறந்தமை பெருங்குறையே. தெட்சணாமூர்த்தியார் வாழ்ந்த நாளில் யாழ்ப்பாணத்தார் இவ்வழக்கை மாற்றினர். இன்று யார் தவில் என வினவியறிந்தே மக்கள் கோயில்வீதிகளிற் றிரண்டனர்.

அவர்தம் புலமை கணக்கில் விளங்கிற்று. ஆதிதாளத்தில் எட்டு எண்ணிக்கை. ஒவ்வோரெண்ணிக்கைக்கும் நான்காக ஓராவர்த்தத்துக்கு 32 மாத்திரை. இதன்மேல் ஏழேழு மாத்திரையாக மிச்ர நடைச் சொற்களை இடைவிடாது அடுக்கிச் சென்றால், ஏழு ஆவர்த்தங்கள் கழிந்து 32-ஆம் அடுக்கு முடியும்போதுதான் இரண்டும் ஒருசேரச் சமத்தில் வந்து கூடும். அதுகாறும் கேட்போர்க்குத் தாளம் தவறிற்றோ என்னும் ஐயம் நீங்காது. இத்தகைய கணக்குகளை முன்னரே எழுதிப் பாடம்பண்ணி ஒப்புவிப்பார் பலர் உளர். இவரோ அவ்வப்போது தோன்றியவற்றை அப்பொழுதே கோத்து, எத்துணை விரைவிலும் ஒவ்வோரெழுத்தும் தனித்தனி தெளிந்து ஒலிக்க வாசித்தவர். விரைவு பிறரிடத்தும் உண்டு. விரைவிலும் சொல் மழுங்காமையே இவர்க்குச் சிறப்பு என்பது எம் கருத்து.

தாய்நாட்டிற் பெயர்பெற்ற பின்னர் அவர் தமிழகம் போந்தார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வழிவந்த நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையை அணுகி, அவரோடு இணையாக அமர்ந்து வாசிக்கும் பேறு பெற்றார். இருதவில் வாசிப்பிலே ஒருவர் வைத்ததை மற்றவர் வாங்கி, வரவர அளவைக் குறைத்துக்கொண்டு வந்து, இறுதியில் இருவரும் ஒன்றி மோகராவும் கோர்வையும் முழக்குதல் மரபு. வைத்தவர் கருத்தை நொடியில் உணராதார் அங்கே நிற்றலரிது. சோழநாட்டு அவைகள் ஈழத்தவர் ஒருவரைத் தம்முள் முதன்மையானவராக ஏற்றது இம்முறையில்தான். அதுவரை கலை அக்கரையினின்று இக்கரைக்கன்றி இக்கரையினின்றே அக்கரைக்குச் சென்றுவந்தது; இவரால் அவ்வோட்டம் திரும்பிற்று. காருகுறிச்சி அருணாசலம், சேக் சின்ன மௌலானா முதலிய நாகசுர வல்லுநர்க்கு அவர் தவில் வாசித்தார். ஈழத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதனது நாகசுரமும் இவரது தவிலும் சேர்ந்து ஒலித்த நாள்களை அந்நாட்டு முதியோர் நெடுங்காலம் பேசினர்.

அளவெட்டியை வாழிடமாகக் கொண்ட அவர், 1975-ஆம் ஆண்டிலே, தம் நாற்பத்திரண்டாம் அகவை நிரம்புமுன் மறைந்தார். தவிலாசிரியர்க்கு அனுபவம் முதிர்ந்து கை கனியும் பருவம் அது.

அவர் தம் கலையை நூலாக எழுதிவைத்தாரல்லர். கேட்டோர் செவியே ஏடாக இருந்தது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் அச்செவிகளுட் பல மாய்ந்தன; பல கடல்கடந்து சிதறின. கோயில்களிலும் மணவீடுகளிலும் அன்பர்கள் பிடித்துவைத்த ஒலிநாடாக்களே எஞ்சின. அவை படியெடுத்துப் படியெடுத்து நாடுவிட்டு நாடு சென்றன. 2015-இல் அம்ஷன் குமார் என்பார் இவரது வரலாற்றை ஆவணப்படமாக்கினார். அப்படம் இந்திய அரசின் தேசிய விருதும் பெற்றது. தேய்ந்த அவ்வொலிநாடாக்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அவர்தம் கோர்வைகளை விரல்விட்டு எண்ணிப் பயிலும் இளந்தவில்காரர் இரு கரையிலும் உளர்.