வாத்தியார் கேட்ட பரிசு

உலகக் கோப்பைக் காலம் வந்துவிட்டால், ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து வரும் தோழர்கள் உறக்கத்தை மறந்துவிடுகிறார்கள். தேநீர்க்கடைத் தொலைக்காட்சி முன் நின்றபடியே அர்ஜென்டினாவை அலசுகிறார்கள். பிரேசிலுக்குப் பின்களம் சரியில்லை என்று தீர்ப்பும் வழங்குகிறார்கள்! வாழ்க அவர்தம் ஆர்வம். குறை கூற வரவில்லை நாம். ஒன்றே ஒன்று கேட்கிறோம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருமுறை கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு வந்ததே, அதற்குக் காரணமான மனிதர் யார்?

கோமான் அல்ல, குபேரன் வீட்டுப் பிள்ளையும் அல்ல. பள்ளிக்கூட வாத்தியார்! சையது அப்துல் ரகீம் என்பது பெயர். 1909இல் ஐதராபாத்தில் பிறந்தவர். அவர் பழக்கிய ஐதராபாத் நகரப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

பணத்தைக் கொட்டியா பழக்கினார்? இல்லை, மூளையைக் கொண்டு! வலக்கால் வழக்கமுள்ள பையன் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தார். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது, உடனே தோழனுக்குத் தட்டிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. தொழிற்சாலையில் லைனில் நிற்கும் தோழர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்கவா வேண்டும்? ஒருவன் கையில் வேலை தேங்கினால் வரிசை முழுதும் நிற்குமே!

செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் ஏழைத் தமிழ்ப் பெற்றோரின் மகன் பலராம். பழைய போலீஸ் பூட்சின் தோலில் தைத்த காலணியோடு ஆடிய பையன். ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரக் காசில்லை. ரகீம் மிதிவண்டிக்கு வழி செய்தார். அந்தப் பலராம் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இருந்தார்! அந்த அணி நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடு இந்தியாதான்.

எளிதில் வந்த ஏற்றமல்ல அது. 1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் சங்கத்துப் பெரியவர்கள் அணியை அனுப்பவில்லை. 1951இல் டெல்லியில் ஈரானை வென்று ரகீமின் அணி தங்கம் வாங்கியது. மறு ஆண்டே ஹெல்சிங்கியில், பலர் வெறுங்காலோடு ஆடி, யூகோசுலாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அதற்குப் பிறகுதான் காலணி கட்டாயமாயிற்று!

1962, ஜகார்த்தா. புற்றுநோய் ரகீமின் நுரையீரலை அரித்துக்கொண்டிருந்த நேரம். இசுரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்க மறுத்ததை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்தார். ஊரே நம்மவர்மீது சீறியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அதிகாரி பேசினார், அடி வாங்க நின்றவர்கள் ஆட்டக்காரர்கள்! இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு ரகீம் பிள்ளைகளை அழைத்து, தமக்கு ஒரேயொரு பரிசு வேண்டும் என்றார். தங்கம்தான் அந்தப் பரிசு.

செப்டம்பர் 4. நூறாயிரம் பேரின் ஏளனக் கூச்சல். எதிரே தென்கொரியா, முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று வென்ற அதே அணி. காய்ச்சலிலிருந்து எழுந்த பீட்டர் தங்கராஜ், நீலகிரி வெல்லிங்டன் இராணுவ மையத்து வீரர், கோல் காத்தார். தலையில் ஆறு தையல் போட்ட தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பியிருந்தார் ரகீம். என்ன துணிச்சல் பாருங்கள்! பி.கே. பானர்ஜி ஒன்று, அந்த ஜர்னைல் ஒன்று. 2-1 என்று வென்றோம். அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று ஆடியவர்களே சொன்னதுண்டு. நமக்கு அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர்; அங்கிருந்து போன அருமைநாயகமும் அந்த அணியில் இருந்தார்.

1963 சூன் 11இல் ரகீம் மறைந்தார்; வயது 53. பயிற்சியாளருக்கு விருது தரும் எண்ணம் டெல்லிக்கு 1985இல்தான் உதித்தது. யார் பெயரில்? துரோணாச்சாரியார் பெயரில்! ஏழைப் பையனுக்கு மிதிவண்டி தந்தவர் அவர்கள் நினைவுக்கு வரவில்லை; கட்டைவிரல் கேட்டவர் வந்தார்.

ரகீம் விட்டுச் சென்ற பிள்ளைகள் 1964இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 1970இல் பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. அதன்பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கம் எதுவும் இந்தியாவுக்கு வரவில்லை.