தேயிலை ஆய்ந்த அம்மையார்

நாள்தோறும் நாம் உட்கொள்ளும் பொருளேயாயினும், அதன் இயல்பை ஆராய்ந்து காண்பவர் மிகச் சிலரே. ஜப்பானிய மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பசுந்தேநீரைப் பருகி வந்தனர். அஃது உடலுக்கு நலம் பயக்கும் என்று முன்னோர் சொல்லிய சொல்லையும் நம்பினர். ஆயினும், அவ்விலையில் அடங்கியுள்ள பொருள்கள் எவை என்பதை வேதியியல் நெறியில் ஆய்ந்து காட்டியவருள் தலைசிறந்தவர் மிச்சியோ சுஜிமுரா அம்மையார் ஆவர்.

அம்மையார் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், சைத்தாமா மாநிலத்து ஒக்கேகவா என்னும் ஊரில் பிறந்தார். டோக்கியோ நகரத்து மகளிர் உயர் ஆசிரியர் கல்லூரியில் பயின்று 1913-இல் தேர்ச்சியுற்றார். அங்குக் கற்பித்த உயிரியல் அறிஞர் கோனோ யாசுயி அம்மையாரே இவருள்ளத்தில் ஆராய்ச்சி வேட்கையை விளைத்தவர். பின்னர்ச் சில ஆண்டுகள் மகளிர் பள்ளிகளில் ஆசிரியப்பணி ஆற்றினார்.

1920-இல் ஆராய்ச்சியை நாடி ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தை அடைந்தார். அந்நாளில் அக்கழகம் பெண்களை மாணவராக ஏற்பதில்லை. அதனால் அம்மையார் மனந்தளர்ந்தாரல்லர்; ஊதியம் பெறாத உதவியாளராக அமர்ந்து, பட்டுப்புழுவின் உணவுச்சத்தைப்பற்றி ஆராய்ந்தார். 1922-இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திற்கு மாறினார். மறு ஆண்டே நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் அவ்வாய்வுக்கூடம் அழிந்துபட்டது. மீண்டும் இடம் பெயர்ந்து, ரிக்கென் என்னும் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். அரிசித் தவிட்டினின்றும் உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்துப் புகழ்பெற்ற உமேதரோ சுசுகி அங்கு அவருக்கு வழிகாட்டியாக விளங்கினார்.

1924-இல் அம்மையாரும் செய்தரோ மியூரா என்பாரும், பசுந்தேயிலையில் வைட்டமின் சி உள்ளது என்று கண்டறிந்தனர். ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி என்னும் நோயைத் தடுப்பது இச்சத்தேயாகும். பசுந்தேயிலையைப் பறித்தவுடன் ஆவியில் வேகவைத்து உலர்த்துவர். அதனால் இலையிலுள்ள சத்துகள் பெரிதும் மாறாமல் நிற்கின்றன. இச்செய்தி பரவவே, வட அமெரிக்காவிற்கு ஏற்றுமதியாகும் பசுந்தேயிலையின் அளவும் பெருகிற்று.

தேநீரின் கைப்புக்கும் துவர்ப்புக்கும் காரணமான பொருள்களையும் அம்மையார் விடாது தேடினார். 1929-இல் கேட்டெச்சின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1930-இல் டானின் என்னும் பொருளைப் படிகவடிவிற் பெற்றார். பசுந்தேயிலையின் வேதியியற் கூறுகளைப்பற்றி அவர் அளித்த ஆய்வுரைக்காக, டோக்கியோ பல்கலைக்கழகம் 1932-இல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. ஜப்பானில் வேளாண்மைத் துறையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

1949-இல் ஓசனோமிசு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1956-இல் ஜப்பானிய வேளாண் அறிவியற் பரிசையும் பெற்றார். 1969-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தம் எண்பதாம் அகவையில் இயற்கை எய்தினார்.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடிந்துவிடவில்லை. ஜப்பானில் 40,000-க்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் கவனித்து, அறிஞர் சிலர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பசுந்தேநீரை மிகுதியாகப் பருகியோரிடையே இதயநோய், மூளைக் குருதிக்குழாய் நோய் ஆகியவற்றால் நேரும் இறப்புக் குறைந்திருந்தது. புற்றுநோய் இறப்பிலோ அத்தகைய குறைவு காணப்படவில்லை. ஆகவே, தேநீரை எந்நோய்க்கும் மருந்தெனக் கொள்ளுதல் தகாது.

மாணவராக ஏற்காத கழகத்தில் ஊதியமுமின்றி உழைத்த ஒருவரே பின்னர்ப் பேராசிரியராக உயர்ந்தார். வாயில் அடைபட்டதென்று திரும்பிச் செல்லாத உள்ளவுறுதியே அவ்வுயர்வுக்கு வித்தாயிற்று. மாணவர்களே, அவ்வுறுதி உங்களிடத்தும் வேரூன்றுவதாகுக!