ரொபர்ட் ஓவன்: சட்டத்தை வேண்டிநின்ற ஆலை முதலாளி

சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 1999ஆம் ஆண்டு ‘கண்ணியமான வேலை’ என்பதைத் தனது தலையாய இலக்காக அறிவித்தது. அதனை எய்துவதில் தனியார் துறையின் பங்கு யாது என்பது அன்றுதொட்டு விவாதிக்கப்பட்டு வருகின்றது. தொழிலாளர் நலன் பேணுவோம் எனப் பெருங் கம்பனிகள் தாமாகவே ஒழுக்கக்கோவைகளை எழுதிக்கொள்கின்றன. முதலாளியின் நல்லெண்ணம் மட்டும் போதுமா, சட்டமும் வேண்டுமா என்ற கேள்வி புதியதன்று. இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் அக்கேள்விக்குத் தமது வாழ்க்கையையே பரிசோதனைக் களமாக்கியவர் ரொபர்ட் ஓவன். அவர் தொழிற்சங்கவாதியாகத் தொடங்கியவரல்லர். பெரும் நூற்பாலை ஒன்றின் முதலாளி.

1771 மே 14ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் நியூட்டவுண் என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாக அவர் பிறந்தார். பத்து வயதளவில் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. துணிக்கடைகளில் வேலை பழகியவர், இருபது வயதை ஒட்டி மன்செஸ்டரில் ஐந்நூறு பேர் பணிபுரிந்த நூற்பாலை ஒன்றுக்கு முகாமையாளரானார். 1799இல் ஸ்கொட்லாந்தின் கிளைட் நதிக்கரையிலிருந்த நியூ லனார்க் ஆலைகளைப் பங்காளிகளுடன் சேர்ந்து 60,000 பவுணுக்கு வாங்கினார். ஆலைகளை விற்ற டேவிட் டேலின் மகள் கரோலினை அதே ஆண்டில் மணந்துகொண்டார். 1800 ஜனவரியில் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

அங்கிருந்த மக்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அவர்களுள் ஐந்நூறு பேர்வரை அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்கள். டேல் இரக்கமுள்ளவர்; பிள்ளைகளுக்கு உணவும் உடையும் குறைவின்றிக் கொடுத்தார். ஆயினும் பகல் முழுவதும் இயந்திரத்தின் முன்னின்ற பிள்ளை இரவில் பாடம் படிப்பதெங்ஙனம்? விடுதிச் சிறுவர்களைச் சேர்ப்பதை ஓவன் நிறுத்தினார். பத்து வயதுக்குக் குறைந்த எவரையும் வேலைக்கு எடுப்பதில்லை என்று விதித்தார். ஆலைக் கடையிற் பொருட்களை மொத்தமாகக் கொள்வனவு செய்து மலிவு விலைக்குக் கொடுத்து, அதில் வந்த இலாபத்தைப் பாடசாலைக்குச் செலவிட்டார். நம்மூர்ச் சங்கக்கடையின் வம்சாவழியைத் தேடிச் செல்வோர் 1844இன் ரொச்டேல் கூட்டுறவாளர்களைக் கடந்து இந்த ஆலைக் கடைக்கே வந்து சேருவர்.

தொழிலாளர்கள் முதலில் அவரை நம்பவில்லை. புதிய முதலாளியின் இனிய பேச்சுக்குப் பின்னால் கூடுதல் வேலை இருக்கும் என்றே எண்ணினர். அமெரிக்கா தனது கப்பற் போக்குவரத்துக்குத் தடை விதித்தபோது பருத்தி விலை ஏறி ஆலைகள் மூடப்பட்டன. வேறிடங்களில் தொழிலாளர்கள் தெருவில் நின்றனர். ஓவனோ இயந்திரங்களைத் துடைத்துப் பேணும் பணியை மட்டும் அளித்து, நான்கு மாதங்கள் முழுச் சம்பளம் வழங்கினார். அதற்கான செலவு 7,000 பவுண். அதன்பின் நியூ லனார்க்கில் அவருடைய சொல் எடுபட்டது.

இலாபம் குறைந்ததா என்றால், இல்லை. 60,000 பவுணுக்கு வாங்கிய ஆலை 1809இல் 84,000 பவுணுக்கும், 1813இன் இறுதியில் ஏலத்தில் 114,100 பவுணுக்கும் கைமாறியது. இருமுறையும் பழைய பங்காளிகள் விலக, ஓவன் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டார். மூலதனத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி போதும், மிகுதி தொழிலாளர் நலனுக்கே என்று உடன்பட்ட கடைசிப் பங்காளிகளுள் தத்துவவாதி ஜெரமி பென்தாமும் ஒருவர். 1816இல் குழந்தைகள் பாடசாலை திறக்கப்பட்டது. வேலைநேரம் உணவு இடைவேளை நீங்கலாகப் பத்தே முக்கால் மணித்தியாலமாகக் குறைந்தது. பின்னாளில் ரஷ்யச் சக்கரவர்த்தியான நிக்கலஸ் உட்பட ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்து வியந்தனர். வியந்தார்களேயன்றிப் பின்பற்றியோர் சிலரே.

அவ்வுண்மை 1815இன் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் அவருக்குப் புலனாயிற்று. ஆலை அதிபர்களைக் கூட்டி அவர் இரு பிரேரணைகளை முன்வைத்தார். பருத்தி மீதான இறக்குமதித் தீர்வையை நீக்குமாறு அரசாங்கத்தைக் கோருவது ஒன்று. ஆலைத் தொழிலாளரின், குறிப்பாகச் சிறுவரின், நிலையைச் சீர்செய்யச் சட்டம் கேட்பது மற்றொன்று. முதலாவது ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவதை வழிமொழிய அம்மண்டபத்தில் ஒருவர்கூட எழவில்லை. இலாபத்தோடு நற்பெயரும் கிட்டும் என்று கணக்குக் காட்டியும் பலனில்லை.

எனவே அவர் பாராளுமன்றத்தை நாடினார். பத்து வயதுக்குக் குறைந்தோருக்கு வேலை கூடாது, பதினெட்டுக்குக் குறைந்தோருக்குப் பத்தரை மணித்தியாலமே உச்சம், அதனைக் கண்காணிக்கப் பரிசோதகர்கள் வேண்டும் என்பன அவரது நகல் சட்டமூலத்தின் சாரம். மூத்த ரொபர்ட் பீல் அதனைச் சபைக்குக் கொண்டுசென்றார். நான்கு ஆண்டு இழுபறிக்குப் பின்னர் 1819இல் வெளிவந்த சட்டம் பருத்தி ஆலைகளுக்கு மட்டுமே உரியது. வயது ஒன்பதாகக் குறைந்தது. பதினாறுக்குட்பட்டோரின் நேரம் பன்னிரண்டு மணித்தியாலமாக உயர்ந்தது. பரிசோதகர்கள் காணாமற் போயினர். பரிசோதகர் இல்லாத சட்டத்தை எந்த ஆலை அதிபர் பொருட்படுத்துவார்? அவர்களை நியமிக்க 1833 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1818இல் ஐரோப்பிய வல்லரசுகள் இன்றைய ஜேர்மனியின் ஆகன் நகரில் மாநாடு கூடியபோது, தொழிலாளர் நிலை குறித்த விண்ணப்பங்களை ஓவன் சமர்ப்பித்தார். நெப்போலியனை வென்ற அரசுகளுக்குப் பிரான்ஸிலிருந்து படைகளை விலக்குவதே கவலையாக இருந்தது. விண்ணப்பம் கவனிப்பாரற்றுப் போயிற்று. எனினும் சர்வதேச தொழிற்சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் அங்கிருந்தே தொடங்குகின்றனர். 1817ஆம் ஆண்டளவில் அவர் வலியுறுத்திய எட்டு மணித்தியால வேலைநாளும் நெடுங்காலம் கனவாகவே இருந்தது. 1919இல் தொழிலாளர் ஸ்தாபனம் உருவானபோது அதன் முதலாவது சமவாயத்தின் பொருள் அதுவே. பிரித்தானியா அச்சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தாதது ஒரு வேடிக்கை.

ஓவனைக் குறையற்றவராகக் காட்டுவது நேர்மையாகாது. நியூ லனார்க்கில் ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு வர்ணங்கொண்ட மரத்துண்டு தொங்கியது. முந்திய நாளின் நடத்தைக்கேற்ப அதன் ஒரு பக்கம் திருப்பிவைக்கப்பட்டது. கறுப்பு எனில் மோசம், வெள்ளை எனில் மிகச் சிறப்பு. அடியைவிட இது மேலானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எது நன்மை என்பதை நிர்ணயித்தவர் முதலாளி ஒருவரே. ஆலை நிர்வாகத்தில் தொழிலாளிக்குக் குரல் இருக்கவில்லை. அந்த ஆலை நூற்ற பருத்தியும் அமெரிக்காவின் அடிமைகள் பறித்ததாகும். விநியோகச் சங்கிலியின் மறுமுனையில் இருப்பவர் யார் என்று இன்றைய கம்பனிகளிடம் கேட்கப்படும் கேள்விக்கு ஓவனிடமும் விடை இருந்திருக்காது.

அமெரிக்காவின் இந்தியானாவில் அவர் நிறுவிய நியூ ஹார்மனி சமத்துவக் குடியேற்றம் 1827இல் சிதைந்தது. அவரது செல்வத்தின் பெரும்பகுதியும் அதனோடு போயிற்று. முதலாளிகளிடமும் அரசர்களிடமும் கேட்டு அலுத்தவர், இறுதியில் தொழிலாளரின் பக்கம் வந்து நின்றார். 1834இல் மாபெரும் தேசிய தொழிற்சங்கக் கூட்டிணைப்புக்குத் தலைமைதாங்கினார். சங்கம் சேர்ந்த குற்றத்துக்காக டொல்படல் கிராமத்து விவசாயத் தொழிலாளர் அறுவர் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டபோது லண்டனில் நடந்த பேரணியில் முன்னின்றார். அக்கூட்டிணைப்பு அவ்வாண்டிலேயே குலைந்தது.

1858இல், எண்பத்தேழு வயதில், லிவர்பூலில் நோயுற்றவர் பிறந்த ஊருக்குத் தம்மைக் கொண்டுசெல்லுமாறு வேண்டினார். நவம்பர் 17ஆம் திகதி நியூட்டவுணில், பிறந்த வீட்டுக்கு அண்மையில் உயிர் நீத்து, பெற்றோரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். நியூ லனார்க் ஆலைகள் 1968 வரை இயங்கின. 2001இல் யுனெஸ்கோ அவ்வூரை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. ஆகனில் எவரும் செவிகொடாத அம்மனிதரின் மார்பளவுச் சிலையை வேல்ஸ் மக்கள் ஜெனீவாவிலுள்ள தொழிலாளர் ஸ்தாபன நூலகத்துக்குப் பின்னாளில் அன்பளிப்பாக வழங்கினர்.