மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்

உழைப்பாளி மக்களின் இன்ப துன்பங்களைத் திரைப்பாடலில் ஏற்றி வைத்தோருள் தலைசிறந்தவர் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஆவார். அவர் வாழ்ந்தது 29 ஆண்டுகளே. திரையுலகில் பணியாற்றியதோ ஐந்தாண்டுகளுக்குச் சற்றேறக்குறைய.

பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில், 13-4-1930 அன்று, அருணாசலம், விசாலாட்சி இணையருக்குப் பிறந்தார். தந்தையார் கும்மிப் பாடல் இயற்ற வல்லவர். எனினும் வறுமையின் காரணமாக மைந்தரின் பள்ளிப்படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. பின்னர் அண்ணன் கணபதிசுந்தரத்திடம் எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டார். வயிற்றுப்பாட்டிற்காக உழவு, மாடு மேய்த்தல், உப்பள வேலை, மாம்பழ வியாபாரம் எனப் பதினேழு தொழில்கள் செய்தார்.

அந்நாளில் தஞ்சையின் பண்ணையாட்களுள் பெரும்பாலோர் நம் மக்களே. அவர்களையும் குத்தகை விவசாயிகளையும் ஒன்றுதிரட்டிய பொதுவுடைமை இயக்கத்தில் இளமையிலேயே ஈடுபட்டார். அப்போராட்டங்களின் பயனாய் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வயல்வரப்பில் கண்ட நியாயமே அவர் பாட்டிற்கு உரமாயிற்று. புதுவையில் பாவேந்தர் பாரதிதாசனிடம் தங்கித் தமிழறிவை வளர்த்துக் கொண்டார். 1954 முதல் 'ஜனசக்தி' ஏட்டில் அவர் பாடல்கள் வெளிவந்தன.

சென்னையில் வாய்ப்புத் தேடிப் பசியோடு அலைந்த காலமும் உண்டு. 'படித்த பெண்' படத்திற்கு முதன்முதலில் பாடல் எழுதினார். 1956இல் வெளிவந்த 'பாசவலை'யும், 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படமும் அவர் புகழைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பின. கடினச் சொற்களை விலக்கி, களத்துமேட்டில் பேசும் மொழியிலேயே உயர்ந்த கருத்துகளை உரைத்தார்.

நூற்பாலைத் தொழிலாளரைப் பற்றிய 'இரும்புத்திரை' படத்திற்கும் பாடல் எழுதினார். வாங்கிய கூலி வீடு வந்து சேராத ஏழையின் நிலையை அதில் பாடியுள்ளார். இராசபாளையம் ஆலைகளில் உழைத்த நம் பெற்றோர்க்கு அப்பாட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 1960இல் அப்படம் வெளிவந்தபோது கவிஞர் உயிருடன் இல்லை. 8-10-1959 அன்று, இளம் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு மறைந்தார். 1993இல் தமிழக அரசு அவர் பாடல்களை நாட்டுடைமையாக்கியது.

இளைஞர்களே! இரண்டாம் வகுப்புப் படித்தவர் பெருங்கவிஞர் ஆகவில்லையா என்று கேட்டுப் பள்ளியை விட்டு நிற்கும் மாணவர் சிலரைத் தலைமையாசிரியன் என்ற முறையில் நான் கண்டிருக்கிறேன். அவர் கல்வியை விட்டு விலகியவர் அல்லர். கல்வி அவருக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதை அண்ணனிடமும் பாவேந்தரிடமும் தேடிச் சென்று பெற்றார். திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் இன்று நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்திருக்கிறது. அதனுள் நுழைந்து இறுதிவரை கற்பதே அப்பெருமகனார்க்கு நாம் செய்யும் நன்றிக்கடனாகும்.