வளைந்த விரல்களுக்கு வளைந்து கொடுத்த கருவி

கண் அறுவை மயிரிழையும் பிசகக் கூடாத வேலை. முடக்குவாதத்தால் முறுக்கிப்போன விரல்களைக் கொண்ட ஒருவர் அவ்வேலையை ஒரு லட்சம் தடவைக்கு மேல் செய்தார் என்றால், மாணவ நண்பர்களே, நம்ப முடிகிறதா? அவர்தாம் மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி.

1918 அக்டோபர் முதல் நாள், எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் உழவர் குடியில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் கற்று, 1944இல் சென்னை ஸ்டான்லி கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். உறவுப் பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு மனம் நொந்தவராதலால், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவர் ஆசை. இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் பற்றியது. 1948இல் இராணுவம் அவரை விடுவித்துவிட்டது. முப்பது வயதில் படுக்கை! நிற்பதே பெரும்பாடாயிற்று. மகப்பேறு மருத்துவக் கனவும் கலைந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் கண் மருத்துவத்துக்கு மாறினார். வழக்கமான கருவிகள் அவர் கைக்கு அடங்கவில்லை. கையை மாற்ற முடியாது. கருவியை மாற்றலாம் அல்லவா? தம் விரல்களின் வளைவுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பொறுமையாகப் பழகினார். பின்னாளில் ஒரே நாளில் நூறு அறுவை வரை செய்த கைகள் அவை. அவர் உறுதியைப் போற்றாதார் இல்லை. ஆனால், அந்தக் கைகளைப் பார்த்தும் படிக்க இடம் கொடுத்தவர்களை யாரும் நினைப்பதில்லை. 1956இல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறையையே அவரிடம் ஒப்படைத்த அரசும் பாராட்டுக்குரியதே. அப்போது அதற்கெனச் சட்டம் ஏதும் இல்லை.

இன்று உண்டு. பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்த அரசு ஊழியரை வீட்டுக்கு அனுப்பலாகாது, அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே சென்று, அவர் வேலை செய்வதற்கு ஏற்ற மாறுதல்களை அரசு நிறுவனம் செய்து தரவேண்டும் என்கிறது. வேலைநீக்கத் தடை தனியாருக்கு அவ்வாறு நேராகச் சொல்லப்படவில்லை என்பதுதான் குறை. பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடத்திலோ, நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலோ விரல் இழந்தவர் கதி என்ன? நம்மில் சிலர் வீட்டிலேயே இக்கேள்வி இருக்கும். மிதிகட்டையை இடம் மாற்றுவதோ, நிற்பவருக்கு ஒரு முக்காலி போடுவதோ, அவரைச் சரக்குக் கணக்குக்கு அமர்த்துவதோ முதலாளிக்கு எவ்வளவு செலவு வைக்கும்? பழகிய தொழிலாளியை இழப்பதைவிடக் குறைவுதான் என்பேன்.

டாக்டர் வெங்கடசாமி 1973இல் பத்மஸ்ரீ பெற்றார். 1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006 ஜூலை 7 அன்று மறைந்தார். அம்மருத்துவமனையின் கிளை நம் சேலத்திலும் இருக்கிறது.