ரெண்டு மார்க் ஆர்ம்ஸ்ட்ராங்கின் நாற்பது வருஷ வழக்கு

ஆர்ம்ஸ்ட்ராங்னு சொன்னதும் உங்களுக்கு நிலாவில் கால் வைத்தவர்தான் ஞாபகம் வருவார். இந்த முறை நாம பார்க்கப்போவது இன்னொருவரை: எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். இ.சி.இ. படிக்கிறவங்க எஃப்.எம். ஜெனரேஷனில் ஆர்ம்ஸ்ட்ராங் மெத்தட்னு ரெண்டு மார்க்குக்கு இவர் பேரை எழுதியிருப்பீங்க. அந்த ரெண்டு மார்க்குக்குப் பின்னாடி, பாதிக்கு மேல் வழக்கிலேயே கழிந்த ஒரு வாழ்க்கை இருக்கு.

1890-ல் நியூயார்க்கில் பிறந்தார். சின்ன வயசிலேயே ரேடியோ பைத்தியம். வீட்டுத் தோட்டத்தில் தானே ஆன்டெனா கம்பம் கட்டி, அதன் உச்சி வரை ஏறுவார். உயரம்னா அவருக்குப் பயமே கிடையாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்தார்.

அப்போ லீ டி ஃபாரஸ்ட் என்பவர் கண்டுபிடித்த ஆடியான் என்ற வால்வு புழக்கத்தில் இருந்தது. நாம படிக்கிற ட்ரையோடோட முதல் வடிவம் அதுதான். அது ஏன் வேலை செய்யுதுன்னு கண்டுபிடித்தவருக்கே சரியாகத் தெரியாது. ஆர்ம்ஸ்ட்ராங் உட்கார்ந்து அளந்து பார்த்தார். 1912-ல், பிளேட்டிலிருந்து வரும் சிக்னலின் ஒரு பகுதியைத் திரும்ப கிரிட்டுக்கே கொடுத்தார். சிக்னல் பல மடங்கு பெருகியது. கடல் தாண்டி இருக்கும் நிலையங்கள்கூடத் தெளிவாகக் கேட்டன. ஃபீட்பேக்கை இன்னும் கூட்டினால் அந்த சர்க்யூட்டே அலைகளை உண்டாக்கியது. அதாவது ஒரே சர்க்யூட் ஆம்ப்ளிஃபையராகவும் இருக்கும், ஆசிலேட்டராகவும் இருக்கும். அப்போ அவர் இன்னும் டிகிரிகூட முடிக்கலை. நம்ம வயசுதான்.

பேட்டன்ட் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டார். முதல்ல படிப்பை முடின்னு அப்பா சொல்லிட்டார். அதனால் 1913 ஜனவரி 31 அன்று சர்க்யூட் படத்தை மட்டும் நோட்டரியிடம் கொண்டுபோய், தேதியோடு சான்று வாங்கி வைத்தார். பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தது அந்த வருஷம் அக்டோபரில். இந்தத் தேதிகளை ஞாபகம் வச்சுக்கோங்க.

டி ஃபாரஸ்ட் போட்டிக்கு வந்தார். 1912 ஆகஸ்டிலேயே தன் ஆய்வகத்தில் இதே விளைவைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். வழக்கு தனி மனிதர்களோடு நிற்கலை. டி ஃபாரஸ்ட்டின் உரிமைகள் ஏ.டி.அண்ட்.டி. கைக்குப் போயின. ஆர்ம்ஸ்ட்ராங்கின் பேட்டன்ட்டை 1920-ல் வெஸ்டிங்ஹவுஸ் வாங்கியது. நியூயார்க் நீதிமன்றம் 1921-ல் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கம் தீர்ப்பு சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1922-ல் அதையே உறுதி செய்தது. வழக்கு அங்கேயே முடிந்திருக்கலாம். டி ஃபாரஸ்ட்டிடம் பணம் இல்லை. செலவுத் தொகையை விட்டுக்கொடுத்திருந்தால் இறுதி ஆணை பதிவாகியிருக்கும். ஆர்ம்ஸ்ட்ராங் விட்டுக்கொடுக்கலை. கதவு திறந்தே கிடந்தது.

அந்தக் கதவு வழியாக டி ஃபாரஸ்ட் தரப்பு வாஷிங்டன் போனது. அங்கே 1924-ல் தீர்ப்பு தலைகீழானது, டி ஃபாரஸ்ட்டுக்கு பேட்டன்ட் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் 1928-லும், மறுபடி 1934-லும் அவர் பக்கமே நின்றது.

இதில் ஒரு கணக்கைக் கவனிங்க. அமெரிக்காவில் அன்று பேட்டன்ட்டின் ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 17 வருஷம். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு வழங்கியது 1914-ல், அது 1931-ல் முடியும். டி ஃபாரஸ்ட்டுக்கு வழங்கியது 1924-ல், அது 1941 வரை ஓடும். ஒப்பந்தங்கள் மூலம் ரெண்டு பக்க உரிமையும் ஆர்.சி.ஏ. நிறுவனத்திடம் வந்துவிட்டது. எது அதிக நாள் ஓடுமோ அது ஜெயிப்பதுதான் நிறுவனத்துக்கு லாபம். 1934 வழக்கை டி ஃபாரஸ்ட் பேட்டன்ட்டுக்காக நடத்தியதே ஆர்.சி.ஏ.தான்.

அதே வருஷம் ரேடியோ இன்ஜினியர்கள் சங்க மாநாட்டுக்குப் போனார் ஆர்ம்ஸ்ட்ராங். ஐ.ட்ரிபிள்.இ. ஸ்டூடன்ட் பிராஞ்ச் நிறைய காலேஜ்ல இருக்கே, அதோட முன்னோடி இந்தச் சங்கம். இதே கண்டுபிடிப்புக்காக முன்பு தனக்குக் கொடுத்த பதக்கத்தைத் திருப்பித் தரத்தான் போனார். சங்கம் வாங்க மறுத்து, பதக்கம் அவருக்கே உரியதுன்னு மறுபடி அறிவித்தது. சட்டம் ஒரு பக்கம், இன்ஜினியர்கள் இன்னொரு பக்கம்.

இத்தனைக்கும் நடுவில் அவர் சும்மா இருக்கலை. முதல் உலகப்போரில் ராணுவத்துக்காக பாரிஸில் இருந்தபோது, 1918-ல் சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவரை உருவாக்கினார். இன்றைக்கும் ரிசீவர் பாடம் அதில்தான் தொடங்குது. 1922-ல் இன்னொரு கண்டுபிடிப்பை ஆர்.சி.ஏ.வுக்கு விற்று, பணத்தோடு பங்குகளும் வாங்கி, அதன் மிகப்பெரிய தனிநபர் பங்குதாரர் ஆனார். ஆர்.சி.ஏ.வின் டேவிட் சார்னாஃப் அவருக்கு நண்பர். சார்னாஃபின் செயலாளர் மரியனைத்தான் 1923-ல் கல்யாணம் செய்தார்.

அடுத்தது எஃப்.எம். அந்தக் காலத்து ஏ.எம். ரேடியோவில் இடி, மின்னல், மோட்டார் எல்லாம் கரகரவென்று கேட்கும். ஃப்ரீக்வென்சி மாடுலேஷனால் பிரயோஜனம் இல்லைன்னு கார்சன் 1922-லேயே கணக்கு போட்டுக் காட்டியிருந்தார். நாம பேண்ட்விட்த்துக்குப் போடும் கார்சன் ரூல் அவருடையதுதான். அவர் போட்டது குறுகிய பேண்ட்விட்த்துக்கான கணக்கு. ஆர்ம்ஸ்ட்ராங் நேர் எதிராக யோசித்து, பேண்ட்விட்த்தை அகலமாக்கினார். நாய்ஸ் அடங்கியது. 1933 டிசம்பர் 26 அன்று பேட்டன்ட்கள் கிடைத்தன.

முதலில் சார்னாஃபிடம்தான் காட்டினார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சோதனை செய்ய இடமும் கிடைத்தது. முடிவுகள் பிரமாதமாக வந்தன. ஆனா 1935-ல் உபகரணங்களை எடுத்துடுங்கன்னு ஆர்.சி.ஏ. சொல்லிவிட்டது. அந்த இடம் டெலிவிஷனுக்கு வேணுமாம். ஏ.எம். தொழிலில் பெரிய முதலீடு வைத்திருந்த நிறுவனத்துக்கு, அதைத் தூக்கிச் சாப்பிடும் ஒன்று எதற்கு?

ஆர்ம்ஸ்ட்ராங் நியூ ஜெர்சியில் ஆல்பைன் என்ற இடத்தில் சொந்தப் பணத்தில் பெரிய கோபுரம் கட்டி, தானே எஃப்.எம். நிலையம் நடத்தினார். ஜெனரல் எலெக்ட்ரிக், ஜெனித் போன்ற நிறுவனங்கள் ராயல்டி கொடுத்து உரிமம் வாங்கின. 1940-ல் ஆர்.சி.ஏ. 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. ஒரே தொகை, ராயல்டி கிடையாது. மற்றவங்க ராயல்டி கட்டும்போது இவங்களுக்கு மட்டும் சலுகையான்னு மறுத்துவிட்டார். இரண்டாம் உலகப்போர் சமயத்திலோ, தன் பேட்டன்ட்களை ராணுவம் இலவசமாகப் பயன்படுத்தச் சம்மதித்தார்.

1945-ல் அடுத்த அடி. அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்.எம்.மை 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலிருந்து எடுத்து, 88 முதல் 108-க்கு மாற்றியது. சூரியப் புள்ளிகளால் இடையூறு வரும் என்பது சொல்லப்பட்ட காரணம். மக்கள் வாங்கி வைத்திருந்த எஃப்.எம். ரேடியோக்கள் எல்லாம் ஒரே உத்தரவில் உதவாமல் போயின. நம்ம ஊர் ரேடியோக்களிலும் 88-லிருந்து 108 வரை எண்கள் இருக்கே, அதுக்குப் பின்னாடி இருக்கிற கதை இது.

டெலிவிஷன் ஒலிக்கு எஃப்.எம்.மைப் பயன்படுத்திய ஆர்.சி.ஏ. அவருக்கு ராயல்டி தரலை. 1948-ல் வழக்கு போட்டார். வழக்கறிஞர்கள் அவரை விசாரிப்பதே மாதக்கணக்கில் இழுத்தது. எஃப்.எம். வளர்ந்ததே தங்கள் நிறுவனத்தால்தான் என்கிற மாதிரி சார்னாஃபே சாட்சி சொன்னார். 1933 டிசம்பரோடு 17-ஐக் கூட்டிப் பாருங்க. 1950-ல் பேட்டன்ட்களின் ஆயுள் முடிந்தது, வழக்கு முடியலை. உரிமத்தொகை நின்றது, வழக்குச் செலவு நிற்கலை.

பணமும் போச்சு, உடம்பும் போச்சு. 1953 நவம்பரில் பணத்தைப் பற்றி வீட்டில் சண்டை வந்து, கோபத்தில் மரியனை அடித்துவிட்டார். அவர் தன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். 1954 ஜனவரி 31 அன்று ஆர்ம்ஸ்ட்ராங் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நோட்டரி சான்று வாங்கிய நாளிலிருந்து சரியாக 41 வருஷம்.

மரியன் வழக்குகளை விடலை. அந்த வருஷமே ஆர்.சி.ஏ. சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்தது. 1940-ல் அவர் வேண்டாம்னு சொன்ன அதே தொகை. மற்ற நிறுவனங்கள் மேல் இருந்த வழக்குகளிலும் மரியன் பக்கமே வெற்றி. மோட்டரோலா மேல் இருந்த கடைசி வழக்கு 1967-ல் முடிந்தது. இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் தொடங்கியது நம்ம சென்னையில், 1977-ல்.

1940-ல் அவர் மறுத்தது நியாயம்னுதான் எனக்குத் தோணுது. 1922-ல் மறுத்தது வீம்பு. ஆனா ரெண்டையும் விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கு. லேபில் சரியான ரீடிங் வந்தால் வாதம் முடிஞ்சது. கோர்ட்டும் அப்படித்தான் இருக்கும்னு அவர் நம்பினார். எதிரே நின்ற நிறுவனம் அவர் சொல்வது தப்புன்னு நிரூபிக்கவே தேவையில்லை. வழக்கை இழுத்தால் போதும். பேட்டன்ட்டுக்கு 17 வருஷம், மனுஷனுக்கு ஒரு ஆயுள், நிறுவனத்துக்கு அப்படி எந்தக் கெடுவும் கிடையாது.

ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்யும் உங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கி வைங்க. வேலைக்குச் சேரும்போது தரும் ஒப்பந்தத்தில், உங்க கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்னு ஒரு பத்தி இருக்கும். சம்பளம் போட்டிருக்கிற பக்கத்தோடு நிறுத்திடாம அதையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.